ஐம்பத்திரண்டு பேரைக் காணவில்லை

1945 செப்டம்பர் கடைசியில் ஒரு சிறு குழு ரயிலேறித் தாய்லாந்தின் மேற்குக் காட்டுக்குள் போனது. போர் முடிந்து ஐந்தாறு வாரம்தான் ஆகியிருந்தது. பாங்காக்குக்கு மேற்கே தொடங்கி, மூன்று பகோடா கணவாயைத் தாண்டி, பர்மாவின் தன்புசயாத் வரை 415 கிலோமீட்டர் ஓடும் பாதை அது. போரில் தோற்ற ஜப்பானியப் படை, தன் கைதிகளை வைத்துப் போட்ட பாதை. அதன் இருபுறமும் புதைக்கப்பட்டுக் கிடந்தவர்களைத் தேடித்தான் அந்தக் குழு போனது. அதில் அந்தக் கைதிகளே சிலர் இருந்தார்கள். விடுதலை கிடைத்தவர்கள் முதல் கப்பலில் வீடு போயிருக்கலாம். கூட இருந்து செத்தவனின் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று தங்கியவர்கள் அவர்கள்.

144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். கணக்கில் இருந்து, காட்டில் கிடைக்காமல் போனவை 52.

இந்த ஐம்பத்திரண்டு என்ற எண் என்னை விடாமல் பின்தொடர்கிறது. மழைக்காடு. மூங்கில் ஒரே பருவத்தில் ஆள் உயரம் தாண்டி வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும் மண். வாந்திபேதியில் செத்தவர்களைச் சுட்டெரிக்க வேண்டியிருந்த இடம். அங்கே பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் ஐம்பத்திரண்டு பேரைத்தான் காணவில்லை என்றால், தேடியவர்களின் திறமை மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. உயிரோடு இருந்தபோதே அவர்களின் கணக்கு எழுதப்பட்டிருந்தது. முகாமில் காகிதம் வைத்திருந்தால் உதை விழும். இருந்தும் கைதிகளின் அதிகாரிகளும் மருத்துவர்களும் எழுதினார்கள். யார், எந்தப் படைப்பிரிவு, எந்த நாள், எந்த நோய், எந்தக் குழி. எழுதியதை மூங்கில் குழாய்க்குள் செருகினார்கள். தகரத்தில் அடைத்து, செத்தவனோடு சேர்த்தே புதைத்தார்கள். சாகப்போகிறவர்களே செத்தவர்களுக்கு ஆவணக் காப்பாளராக இருந்தார்கள்.

இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில், ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில், சுமார் 7,000 பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். வெட்டிச் சீராக்கிய புல், கல்லுக்குக் கல் பூச்செடி, பெயர், வயது, வீட்டார் எழுதிய ஒரு வரி. அந்தப் பாதையில் செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். அவர்களுக்கு இந்த மரியாதை உரியது. அதில் ஒரு துளியும் குறையக்கூடாது.

அதே பாதையில், அதே மழையில், அதே வாந்திபேதியில் இன்னொரு கூட்டமும் செத்தது. ஜப்பானியர் அவர்களை ரோமுஷா என்றார்கள். மலாயா, பர்மா, ஜாவா, தாய்லாந்து என்று பல நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலியாட்கள். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் ஒருவர் ஒன்றேமுக்கால் லட்சம் என்பார், இன்னொருவர் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்பார். செத்தவர்கள் சுமார் 90,000 என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. அது குறைவு என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் காணாமல் போனவர்கள் ஐம்பத்திரண்டு பேர். இன்னொரு பக்கம், ஒரு மதிப்பீட்டுக்கும் அடுத்த மதிப்பீட்டுக்கும் நடுவில் மட்டும் பல்லாயிரம் பேர் காணாமல் போகிறார்கள்.

மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

அவர்கள் ஏன் போனார்கள் என்பதற்குப் பதில் எளிது. பட்டினி. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரைகள் ஓடினார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. பால்மரம் வெட்டுவது நின்றது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. அந்த நேரத்தில் சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சோறு உண்டு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னால் யார் போகமாட்டார்கள்? முதலில் போனவர்கள் திரும்பாததைப் பார்த்து மற்றவர்கள் தயங்கினார்கள். அப்போது தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். சந்தையிலும் சாலையிலும் கண்டவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். அரிசி மூட்டை ஏற்றும் இரும்பு வேகனில் அடைத்து, நான்கைந்து நாள் ஓட்டி, பான் போங்கில் இறக்கினார்கள். அதற்கப்புறம் நடை. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. கைக்குழந்தையோடு அந்தக் காட்டுப் பாதையில் நடந்த தாய்கள் உண்டு.

வேலையை நினைத்துப் பாருங்கள். கொன்யூ என்ற இடத்தில் மலைப்பாறையை வெட்டிப் பாதை போக வேண்டும். கைதிகள் அதற்கு நரகத்தீக் கணவாய் என்று பெயர் வைத்தார்கள், இரவு வேலைக்கு ஏற்றிய மூங்கில் தீப்பந்தங்களின் வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாக ஆட்கள் அசைவது அப்படித் தெரிந்ததால். ஒருவர் இரும்பு உளிக் கம்பியைப் பாறைமேல் நிறுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஓர் அடி, பிடித்தவர் கம்பியைக் கொஞ்சம் திருப்புவார், மறுபடி ஓர் அடி. துளை ஒரு மீட்டர் இறங்கியதும் வெடிமருந்து. வெடித்துச் சிதறிய கல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டுவது. அங்கே வேலை செய்த ஆசியக் கூலிகளில் மலாயாத் தோட்டத்து ஆட்களும் இருந்தார்கள். பால் வெட்டும் கத்தியைப் பட்டையில் மென்மையாக இழுக்கப் பழகிய கை, மரத்துக்கு வலிக்காமல் வெட்டத் தெரிந்த கை. அந்தக் கையில்தான் சம்மட்டியைக் கொடுத்தார்கள். மூங்கில் சிராய் கீறிய இடம் சீழ் பிடித்துப் புண்ணாகி எலும்பைக் காட்டும். 1943 மே மாதம் மழையோடு வாந்திபேதி வந்தது. பாதையை முடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து நெருக்கடி. அக்டோபரில் இரண்டு முனையும் கொன்கொய்தாவில் வந்து சேர்ந்தபோது சாவுக்கணக்கு முக்கால்வாசி முடிந்திருந்தது.

கைதிகளைவிடக் கூலிகள் ஏன் அதிகம் செத்தார்கள்? ராணுவக் கைதிகளுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. அவர்களோடு மருத்துவர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் காய்ச்சாத தண்ணீரைத் தொடாதே என்று சொல்லவும் தடுக்கவும் ஆள் இருந்தது. தோட்டத்துக் கூட்டத்துக்கு மருத்துவர் இல்லை, அதிகாரி இல்லை, தூதரகம் இல்லை. ஆற்றில் மொண்டு குடித்தார்கள். நிலைமை கைமீறியபோது, சிங்கப்பூரிலிருந்து கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கே படை, எல் படை என்று இரண்டு குழுவாக ஜப்பானியர் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். தமிழர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதற்கு இன்று கிடைக்கும் எழுத்துச் சாட்சியில் கணிசமான பங்கு, அவர்கள் மொழியே தெரியாத அந்த வெள்ளைக்கார வைத்தியர்கள் எழுதியது.

ரயில் ஊழியர்களின் போர்ச்சாவு என்று எடுத்தால் உலகம் எங்கும் ஒரு விஷயம் ஒரே மாதிரி நடந்திருக்கிறது. எங்கே சம்பளப் பட்டியல் இருந்ததோ அங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. முதல் உலகப்போரில் மாண்ட பிரிட்டன், அயர்லாந்து ரயில்வே ஊழியர்களுக்காக 1919 மே 14 அன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் வழிபாடு நடந்தது. அதற்கு அச்சிட்ட புத்தகத்தில் 18,957 பெயர்கள். போர்ட்டர், பாயிண்ட்ஸ்மேன், குமாஸ்தா, ஃபயர்மேன், எல்லோரும். அத்தனை பெயரையும் தொகுக்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கம்பெனியின் பேரேட்டில் இருந்தார்கள்.

அதே நாட்டில் 1944 ஜூன் 2, விடியற்காலை இரண்டு மணிக்குச் சற்று முன்னால், சோகம் என்ற சிற்றூர். நம் மொழியில் அந்தப் பெயரே துயரமாக ஒலிக்கிறது. 51 வேகன் நிறைய வெடிகுண்டு ஏற்றி வந்த சரக்கு ரயில். இன்ஜினுக்கு அடுத்த வேகனில் தீப்பிடித்திருப்பதை டிரைவர் பெஞ்சமின் கிம்பர்ட் பார்க்கிறார். வண்டியை நிறுத்துகிறார். குதித்து ஓடியிருந்தால் அவர்களை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஃபயர்மேன் ஜேம்ஸ் நைட்டால் நிலக்கரி உடைக்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு இறங்குகிறார். கொக்கி சூட்டில் கையை ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறார். பின்னால் குண்டு ஏற்றிய 50 வேகன்களும் ஊரும். முன்னால் எரியும் ஒரே ஒரு வேகன். அதை மட்டும் இழுத்துக்கொண்டு நூறு மீட்டருக்கு மேல் போகிறார்கள். அதற்குள் வெடித்துவிட்டது. நைட்டால் அங்கேயே மாண்டார். வெளியே வந்திருந்த சிக்னல்மேன் ஃபிராங்க் பிரிட்ஜஸ் காயத்தில் மாண்டார். கிம்பர்ட் பிழைத்தார். ரயில் நிலையம் தரைமட்டமானது, ஊர் தப்பியது. கிம்பர்ட்டுக்கும் நைட்டாலுக்கும் ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. பிற்காலத்தில் இருவர் பெயரையும் இரண்டு ரயில் இன்ஜின்களுக்கு வைத்தார்கள். நிலக்கரி அள்ளிப்போட்ட ஓர் இளைஞனின் பெயரை நெற்றியில் தாங்கி ஓர் இன்ஜின் தண்டவாளத்தில் ஓடியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நம் நாட்டிலும் உண்டு. ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில், பாலைவனத்து எல்லையோரம், கட்ரா ரோடு என்று ஒரு ரயில் நிலையம். 1965 போரில் பாகிஸ்தான் விமானத் தாக்குதலில் அங்கே 17 ரயில்வே ஊழியர்கள் மாண்டார்கள். துப்பாக்கி பிடிக்காதவர்கள், எல்லைக்குப் பொருள் போகும் பாதை அறுந்துவிடக்கூடாது என்று நின்றவர்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. செப்டம்பர் 9ஆம் தேதி ரயில்வேக்காரர்கள் கூடி மாலை போடுகிறார்கள். எத்தனை பேர் என்றால் பதினேழு என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்ல முடிவதே ஒரு கொடுப்பினை என்று சயாமை நினைத்தால் தோன்றும்.

பொருட்களுக்குக்கூட அந்தக் கொடுப்பினை இருந்தது. இரண்டாம் உலகப்போரின் தேவைக்காக நம் ஊரிலேயே பாதைகளைப் பெயர்த்தார்கள். மதுரை–போடி பாதையை 1942இல் எடுத்தார்கள். 1954இல் திரும்பப் போட்டார்கள். ஜப்பானியரும் மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையைப் பிடுங்கிக்கொண்டுபோய்த்தான் சயாமில் போட்டார்கள். தண்டவாளத்தின் இடுப்பில் அதைத் தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்து நிற்கும். எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். அந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய நீராவி இன்ஜினைத் தாய்லாந்திலிருந்து மீட்டுக்கொண்டுபோய், இன்று டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்து அருங்காட்சியகத்தில் பளபளப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். அதன் எண் சி56 31. இரும்புக்கு எண் இருந்தது. இரும்பு ஊர் திரும்பியது.

அந்தப் பாதையின் ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஓர் உயிர் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரிவராது. கட்டைகள் பல மடங்கு அதிகம். ஆனால் அந்தச் சொல்லைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆள் கணக்கை யாரும் எழுதிவைக்காதபோது, சனங்கள் எண்ண முடிந்ததை எண்ணினார்கள்.

தோட்டத்தில் கணக்கு இல்லாமல் இல்லை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள் நிற்கும். தோட்டக் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிடுவார், இருக்கிறேன் என்று குரல் வரும், ஏட்டில் கோடு விழும். அரை நாள் வராதவனுக்கு அரை நாள் கூலி துல்லியமாகப் பிடிக்கப்பட்டது. உழைப்பை எண்ணுவதற்கு அத்தனை ஏடு இருந்த ஒரு சமூகத்தில், ஆளையே எண்ண ஓர் ஏடு இல்லாமல் போனது. அவன் சயாமுக்குப் போன அன்று, கிராணியின் ஏட்டில் அவன் வேலைக்கு வராதவன். அவ்வளவுதான். ஜப்பானிய ஏட்டில் அவன் ஓர் எண்ணிக்கை. வெள்ளைக்கார ராணுவ ஏட்டில் அவன் இல்லவே இல்லை, ஏனென்றால் அவனுக்குச் சீருடை கிடையாது.

நினைவு என்பது சாவுக்குப் பின்னால் தொடங்குவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கல் நடுவது, மாலை போடுவது, உரையாற்றுவது எல்லாம் பிந்தி வருபவை. உயிரோடு நிற்பவனின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் அந்த நொடியில் நினைவு தொடங்கிவிடுகிறது. இருக்கும்போது எண்ணப்படாதவன் செத்த பிறகு எண்ணிக்கையில் சேர்வதில்லை. காஞ்சனபுரியின் 7,000 கல்லும் அதைத்தான் காட்டுகின்றன. கல் இல்லாமல் காட்டில் போனவர்கள் அதை இன்னும் உரக்கச் சொல்கிறார்கள்.

வீடுகளில் இந்த இழப்பு எப்படி இருந்திருக்கும்? சாவுச் செய்தி வரவில்லை. உடல் வரவில்லை. போனவர் சயாமுக்குப் போனவர், அவ்வளவே. பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று ஒரு பெண் எத்தனை ஆண்டு தீர்மானிக்க முடியாமல் இருந்திருப்பாள்? திதி கொடுக்க வேண்டுமென்றால் நாள் தெரிய வேண்டும். திதி தெரியாமல் போனவர்களுக்கு மகாளய அமாவாசை என்று நம் முன்னோர் ஒரு நாளை ஒதுக்கி வைத்தார்கள். அந்த ஒரு நாளில் எத்தனை ஆயிரம் சயாம்காரர்கள் எள்ளும் தண்ணீரும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதையும் கொடுக்க ஆளில்லாமல், குடும்பத்தோடு அழிந்தவர்கள் எத்தனை பேர்.

1944இலேயே ஜப்பானியப் படை காஞ்சனபுரியில் குவாய் நதி ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண் கட்டியது. பாதை போட்டுச் செத்த எல்லோருக்கும் என்று பல மொழிகளில் பலகை பதித்தார்கள். தமிழும் அதில் உண்டு. கொன்றவர்கள் கட்டிய கல்லில் நம் எழுத்து இருக்கிறது, நம் ஆட்களின் பெயர் இல்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து, குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய உலகப் புகழ்பெற்ற ஆங்கிலப் படம் வந்தது. இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றின் மீது பாலம் போட்டுப் படமெடுத்தார்கள். அதைப் பார்த்த உலகம், அந்த ரயில் பாதை வெள்ளைக்காரக் கைதிகளின் கதை என்று மனத்தில் பதித்துக்கொண்டது. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு குழியைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்தன. கூலியாட்கள். யார் யார் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதமும் கூட இல்லை.

மலேசியத் தமிழர்கள் மறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சயாம் மரண ரயில் என்று சண்முகம் நாவல் எழுதினார். பிழைத்து வந்தவர்களைத் தேடிப் போய்ப் பேச வைத்தவர்கள், ஆவணப்படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கம் எழுதாத ஏட்டை இவர்கள் கைக்காசு போட்டு எழுதினார்கள். 2023இல் காஞ்சனபுரியில், தவோர்ன் வராராம் புத்த விகாரையில், அங்கே மாண்ட தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுந்தது. எண்பது ஆண்டு கழித்து. நட்டவர்களை மனமாரக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

நடுகல் என்றதும் எனக்குச் செங்கம் பக்கத்து எடுத்தனூர் ஞாபகம் வருகிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல். மாட்டுப் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. வீரனின் காலருகே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வரை எதிர்த்துக் கடித்த நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. எந்த மன்னன், எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எப்படி மாண்டான், கூட நின்றது யார் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் அந்தக் காலத்துச் சிற்றூர் கைகழுவி வீட்டுக்குப் போயிருக்கிறது. ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டாக அழியாமல் இருக்கிறது. அதே மரபில் வந்த நாம், காஞ்சனபுரியில் கல்லை நட்டுவிட்டோம், கல்லில் எழுதப் பெயர் இல்லை.

பெயர்கள் முழுக்க அழிந்துவிடவில்லை. தைப்பிங்கிலும் கிள்ளானிலும் சுங்கை சிப்புட்டிலும், இங்கே தஞ்சை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலும், அப்பாவின் அண்ணன் ஒருத்தர் சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை என்று சொல்லத் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எண்பதும் தொண்ணூறும் ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். போனவரின் பெயர் என்ன, எந்தத் தோட்டத்திலிருந்து போனார், தமிழ்நாட்டில் எந்த ஊர்க்காரர். இந்த மூன்றையும் கேட்டு, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.